வளிச்சீராக்கியின் நோயும் அதன் மூலமும்

சித்திரை மாதம் பிறக்கும் வேளையில் ஞாயிறு நம் தலைக்கு நேர்மேலே வருகின்றது. ஆண்டுதோறும் ஏப்பிரல் 5ஆம் நாளளவில் இலங்கையின் தென்முனையில் உச்சங்கொள்ளும் ஞாயிறு, 15ஆம் நாளளவில் வடமுனையைக் கடந்து செல்லும். அக்காலத்தில் வாடைக்காற்று ஓய்ந்துவிடும். சோளகம் இன்னும் எழுந்திராது. கடலும் கடனீரேரியும் சூழ்ந்த யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வெப்பத்தோடு ஈரமும் சேர்ந்துகொள்ளும். வெயிலுக்கு அஞ்சுவோன் வேம்பின் நிழலில் ஒதுங்கலாம். புழுக்கத்துக்கு அஞ்சுவோன் ஒதுங்குதற்கு இடமில்லை.

நம் முன்னோர் நாற்சார் வீடும் நடுமுற்றமும் ஓலைக்கூரையும் கொண்டு இப்புழுக்கத்தை ஒருவாறு தாங்கினர். இன்றைய வீடுகள் சீமெந்தால் ஆனவை. பகலெல்லாம் ஏற்ற வெப்பத்தை இரவெல்லாம் உள்ளே விடுபவை. ஆகவே, முன்பு ஆடம்பரம் எனக் கருதப்பட்ட வளிச்சீராக்கி, முதியோரும் நோயாளரும் உள்ள இல்லங்களிலே இன்று தேவையாகிவிட்டது. மக்கள் அதனை ஏ.சி. என்பர். அவ்வியந்திரம் பெரும்பாலும் பழுதுறுவது மேலே கூறிய புழுக்க நாள்களிலேதான். இதனைப் பலர் தம் தலைவிதி எனக் கொள்வர். அஃது அவ்வாறன்று. ஆண்டு முழுவதும் உள்ளே மறைந்து கிடந்த குறை, சுமை மிகும் நாளிலே வெளிப்படுகின்றது, அவ்வளவே. அக்குறையின் மூலத்தை அறியாது செய்யும் திருத்தம் திருத்தமாகாது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயந்திரத்தின் தோற்றம்

வெம்மையைத் தணிக்கும் பொறியை முதலில் நாடியவர்களுள் ஒருவர் மருத்துவராவார். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலே, வெப்பமும் ஈரமும் மிக்க கடற்கரைப் பட்டினமாகிய அப்பலாச்சிக்கோலாவில் வாழ்ந்த யோன் கொறி என்பார், காய்ச்சல் நோயாளரின் அறைகளைக் குளிர்விக்க விரும்பிப் பனிக்கட்டி ஆக்கும் பொறியொன்றை அமைத்து, 1851இல் அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். அவருடைய முயற்சி அவர் காலத்திற் பயன் தரவில்லை.

இன்றைய வளிச்சீராக்கியின் வரலாறு 1902இல் நியூயோர்க்கின் புறூக்கிளின் பகுதியிலிருந்த ஓர் அச்சகத்திலே தொடங்குகின்றது. கோடைகாலத்தில் வளியின் ஈரம் கூடுவதும் குறைவதுமாக இருந்தமையால், கடதாசி விரிந்தும் சுருங்கியும் ஒரு நிறத்தின்மேல் மறுநிறம் பொருந்தாது போயிற்று. இக்குறையை நீக்குமாறு பணிக்கப்பட்ட வில்லிஸ் கரியர் என்னும் இளம் பொறியியலாளர், குளிர்ந்த சுருள்களின்மீது வளியைச் செலுத்தி அதன் ஈரத்தைப் பிரித்தெடுக்கும் முறையை வகுத்தார். இவ்வியந்திரம் மனிதரைக் குளிர்விப்பதற்காகப் பிறந்ததன்று. வளியின் ஈரத்தை அடக்குவதற்காகப் பிறந்தது. இவ்வுண்மையை மனத்திற் கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

தொழிற்படும் முறை

வளிச்சீராக்கி குளிரை உண்டாக்குவதில்லை. அறையினுள் உள்ள வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகின்றது. இவ்வேலையைச் செய்வது செப்புக் குழாய்களினூடே ஓயாது சுற்றிவரும் ஒரு பதார்த்தம். மக்கள் அதனைக் 'காஸ்' என்பர். அப்பதார்த்தம் உள்ளலகின் சுருளில் தாழ்ந்த அமுக்கத்திலே ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை உறிஞ்சுகின்றது. பின்னர் வெளியலகில் உள்ள அமுக்கி (கொம்பிறசர் என வழங்குவது) அதனை அமுக்கிச் சூடாக்குகின்றது. வெளியலகின் சுருளிலே அது தன் வெப்பத்தை வெளிவளிக்கு ஈந்து மீண்டும் திரவமாகின்றது. ஒடுங்கிய வழியொன்றினூடாகச் சென்று அமுக்கம் தாழ்ந்து, திரும்பவும் உள்ளலகை அடைகின்றது. அமுக்கம் தாழக் கொதிநிலையும் தாழும் என்று பௌதிக வகுப்பிற் கற்ற விதியே இங்கு முழுவதும் ஆட்சி செய்கின்றது.

இச்சுற்று முற்றாக மூடப்பட்டது. காஸ் எரிவதில்லை, தேய்வதில்லை, செலவாவதுமில்லை. தொழிற்சாலையில் இடப்பட்ட அளவு இயந்திரத்தின் ஆயுள் முழுவதும் போதுமானது. இவ்வொன்றை அறியாமையாலேயே நம் வீட்டுக்காரர் பலர் ஆண்டுதோறும் வீண்செலவு செய்கின்றனர்.

ஈரத்தின் சுமை

வறண்ட நாட்டிலும் நம் நாட்டிலும் இவ்வியந்திரம் தாங்கும் சுமை ஒன்றன்று. கணக்கொன்றாற் காட்டுவோம். 32 பாகை செல்சியசு வெப்பநிலையும் 75 சதவீத சாரீரப்பதனும் உள்ள ஒரு கன மீற்றர் வளியில் ஏறத்தாழ 25 கிராம் நீராவி உண்டு. அதே வளியை 24 பாகையும் 55 சதவீதமும் உள்ளதாக மாற்றினால் அதில் ஏறத்தாழ 12 கிராமே எஞ்சும். மிகுதி 13 கிராமும் நீராக ஒடுங்கவேண்டும். வளியின் வெப்பநிலையை 8 பாகை குறைப்பதற்கு ஏறத்தாழ 9 கிலோயூல் வெப்பத்தை அகற்றினாற் போதும். அந்த 13 கிராம் நீராவி ஒடுங்கும்போது வெளிப்படும் மறைவெப்பமோ ஏறத்தாழ 32 கிலோயூல். அஃதாவது, புதிதாக உட்புகும் வெளிவளியைப் பொறுத்தவரை, குளிர்வித்தலினும் உலர்த்துதல் மூன்று மடங்குக்கு மேற்பட்ட வேலையாகும்.

பன்னிரண்டடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள அறையொன்றின் வளி ஒருமுறை முற்றாக மாறினால், அரை லீற்றருக்குச் சற்றுக் குறைந்த நீர் புதிதாக உள்ளே வருகின்றது. யன்னலைத் திறந்து வைத்தும் கதவின் கீழ் இடைவெளி விட்டும் இயந்திரத்தைக் குறைகூறுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

உடலுக்கும் இக்கணக்கு பொருந்தும். வியர்வை ஆவியாகும்போதே உடல் குளிரும். வளி ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருப்பின் வியர்வை வழியுமேயன்றி ஆவியாகாது. இளைஞர் இதனை ஓரளவு தாங்குவர். முதுமையும் நோயும் உற்றோர் தாங்கார்.

ஓர் அனுபவம்

என் தாயார் பாரிசவாதத்தாற் படுக்கையில் இருந்த காலத்தில் அவர் அறைக்கு ஒரு வளிச்சீராக்கி வாங்கினேன். 2023ஆம் ஆண்டு பங்குனியில் ஓர் இரவு அவர், "தம்பி, காத்து வருது, குளிர் வரேல்லை" என்றார். இயந்திரத்தின் நோய்க்குறியை முதலிலே திருத்தமாகக் கூறியவர் அவரே. விசிறி சுழன்றது, வெப்பம் அகலவில்லை.

திருத்துவோர் வந்தனர். கால்மணி நேரத்திற் காஸ் நிரப்பிப் பணம் பெற்றுச் சென்றனர். அறை குளிர்ந்தது, நானும் மகிழ்ந்தேன். ஆறு வாரத்தில் மீண்டும் அதே நிலை. வேறிடத்திலிருந்து வந்தோரும் காஸ் குறைந்துவிட்டது என்று கூறி நிரப்பினர். ஆனியில் மூன்றாம் முறையும் அவ்வாறே நிகழ்ந்தது. அவ்விடைவெளிகளில் என் தாயாரின் முதுகில் வேர்க்குரு பரந்து புண்ணாயிற்று. இரவிலே தாதியும் நானும் மாறிமாறி ஈரத்துணியால் ஒற்றினோம். மூன்று முறையும் கொடுத்த பணம் என் ஒரு மாதச் சம்பளத்தின் அரைவாசிக்கு மேற்பட்டது. அவர்கள்மீது மட்டும் குற்றம் சுமத்துதல் நீதியாகாது. காஸ் ஏன் குறைந்தது என்ற வினாவை நானும் ஒருமுறையேனும் கேட்டிலேன். வகுப்பிலே ஏன், ஏன் என்று நாள்தோறும் வினவும் ஆசிரியன் தன் வீட்டிலே அதனை மறந்தான்.

நான்காம் முறை வந்தவர் இளைஞர். அவர் காஸ் உருளையைக் கீழே வைத்துவிட்டு, முதலிற் குழாய்களைக் கைவிளக்கால் நோக்கினார். "சேர், இது பெற்றோல் மாதிரி ஓடி முடியிற சாமான் இல்லை. குறைஞ்சதெண்டால் எங்கேயோ ஒழுகுது" என்றார். உள்ளலகின் பின்னே குழாய் பொருந்தும் மூட்டில் எண்ணெய்க் கறை இருந்தது. காஸுடன் அமுக்கியின் எண்ணெயும் சிறிது சுற்றி வருதலின், கசியும் இடத்திலே அது கறையாகப் படியும் என விளக்கினார். சவர்க்காரக் கரைசலைப் பூசியதும் நுண்ணிய குமிழிகள் எழுந்தன. குழாயின் நுனியைப் புனல்போல விரித்து நட்டினால் இறுக்குவதே அம்மூட்டு. பொருத்திய நாளிலே அளவு மீறி இறுக்கியதால் அந்த விளிம்பு வெடித்திருந்தது. அவர் நுனியை வெட்டிப் புதிதாக விரித்துப் பொருத்தினார். அதன்பின் என் தாயார் வாழ்ந்த பதினான்கு மாதங்களிலே ஒருமுறையேனும் காஸ் நிரப்ப நேரவில்லை.

குறிகளும் மூலங்களும்

நோயையும் அது தோன்றிய காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவன் மருந்திடவேண்டும் என்பது திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் கருத்து. இயந்திரத்துக்கும் இம்முறையே உகந்தது. வீட்டுக்காரர் கண்ணுக்குப் புலப்படும் குறிகள் சிலவற்றையும் அவற்றின் மூலங்களையும் ஈண்டு கூறுவோம்.

காற்று மெலிந்து வருமாயின், பெரும்பாலும் வடிகட்டியில் தூசு அடைத்திருக்கும். இதற்குத் திருத்துவோர் வேண்டா. இயந்திரத்தை நிறுத்தி, வடிகட்டியைக் கழற்றிக் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டினாற் போதும். புழுக்க நாள்களில் இரு வாரத்துக்கு ஒருமுறை இதனைச் செய்தல் நன்று.

உள்ளலகிலிருந்து நீர் சொட்டுமாயின் காஸில் குறையென்று கலங்கவேண்டா. ஒடுங்கிய நீர் செல்லும் வடிகுழாயிற் பாசியும் தூசும் சேர்ந்து அடைத்திருத்தலே பெரும்பான்மைக் காரணம். குழாயின் சரிவு பிழைத்திருத்தலும் உண்டு. ஈரம் மிக்க நாளில் நீரும் மிகும். ஆதலால் இக்குறை அந்நாளிலேயே வெளிப்படும்.

உள்ளலகின் சுருளிற் பனிக்கட்டி படியுமாயின், அது கடுங்குளிரின் அடையாளமன்று; நோயின் அடையாளம். சுருளின்மீது போதிய வளி செல்லாவிடினும், காஸ் குறைந்து அமுக்கம் தாழ்ந்தாலும், சுருளின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் இறங்கும். அப்போது வளியின் ஈரம் அங்கே உறையும். உறைந்த பனிக்கட்டி மேலும் வளியைத் தடுக்கும். கத்தியாற் சுரண்டுதல் கூடாது, சுருள் துளைபடும். குளிர்வித்தலை நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிட்டு உருகச் செய்தபின், வடிகட்டியைக் கழுவிப் பார்த்தல் வேண்டும். மீண்டும் உறையுமாயின் கசிவைத் தேடவேண்டும்.

வெளியலகு முனகி நின்றுவிடுமாயின், அமுக்கியை இயக்க உதவும் கொள்ளளவி வலுவிழந்திருக்கலாம். இது சிறுபொருள்; விலையும் குறைவு. ஆயினும் இதனை அறியாது அமுக்கியையே மாற்றவேண்டும் என்று முடிவு செய்வோரும் உளர். மின்னை நிறுத்திய பின்னும் கொள்ளளவியில் மின்னேற்றம் எஞ்சியிருக்கும். ஆதலால் வீட்டுக்காரர் அதனைத் தொடலாகாது. புதுவகை இயந்திரங்களில் உள்ள மின்சுற்றுப் பலகையில் எறும்பும் பல்லியும் புகுந்து கேடு விளைவிப்பதும், சித்திரை மாதத்து இடிமின்னலால் அப்பலகை கருகுவதும் நிகழக்கூடியன. இடி முழங்கும்போது செருகியைக் கழற்றிவிடுதல் சாலச் சிறந்தது.

அறை விரைவிற் குளிர்ந்தும் உடல் பிசுபிசுப்பாக இருக்குமாயின், அது பழுதன்று; தெரிவின் பிழை. அறைக்கு மிஞ்சிய வலுவுள்ள இயந்திரம் வெப்பநிலையை விரைந்து தாழ்த்திவிட்டு, ஈரத்தைப் பிரிக்க நேரமின்றி நின்றுவிடும். ஈரத்தை அடக்குதலே இதன் முதற்றொழில் என்று மேலே கூறியதை நினைவுகூர்க. பெரிதே சிறந்தது என்னும் எண்ணம் இங்கு பிழைபடுகின்றது.

கசிவைத் தீர்க்கும் ஒழுங்கு

காஸ் குறைந்துள்ளதென உறுதியானால், செய்முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் எஞ்சிய காஸை வெளியே விடாது உருளையொன்றில் மீட்டெடுத்தல் வேண்டும். அடுத்து, உலர்ந்த நைதரசன் வாயுவை உயர்ந்த அமுக்கத்திற் செலுத்திக் கசியும் இடத்தைக் காணவேண்டும். ஒட்சிசனை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தலாகாது. அமுக்கியின் எண்ணெயுடன் சேர்ந்து அது வெடிக்கும். மூன்றாவதாக, கசிவை அடைக்கவேண்டும். நான்காவதாக, வெற்றிடப் பம்பியினாற் குழாய்களிலுள்ள வளியையும் ஈரத்தையும் முற்றாக அகற்றவேண்டும். உள்ளே தங்கிய ஈரம் எண்ணெயுடன் தாக்கமுற்று அமிலத்தைத் தோற்றுவித்து அமுக்கியைக் கெடுக்கும். இறுதியிலேதான் காஸ் நிரப்புதல். அதுவும் கண்மதிப்பாலன்று; இயந்திரத்தின் பெயர்த்தகட்டிற் குறித்த நிறையைத் தராசில் நிறுத்து இடவேண்டும். முதல் நான்கையும் விட்டு ஐந்தாவதை மட்டும் செய்வதே நம் ஊர்களில் மலிந்த வழக்கம்.

கசிவு மூட்டில் இருப்பின் தீர்த்தல் எளிது. சுருளின் உள்ளே இருப்பின் கடினம். கடற்கரையை அண்டிய வீடுகளில் உப்புக் காற்று வெளியலகின் அலுமினியத் தகடுகளை அரிக்கும். உள்ளலகின் செப்புக் குழாயையோ, ஈரத்தோடு சேரும் ஃபோமிக்கு அமிலம், அசற்றிக்கு அமிலம் முதலியன எறும்புப் புற்றுப்போல நுண்ணிய வழிகளாகத் துளைக்கும். புற்று அரிப்பு என்றே அதற்குப் பெயர். பழைய இயந்திரத்தின் சுருள் இவ்வாறு பல இடங்களிற் கசியுமாயின், அதனைக் கைவிடுதலே சிக்கனமாகும்.

காஸின் வகையை அறிதலும் இன்றியமையாதது. பழைய இயந்திரங்களில் உள்ள ஆர்-22 ஓசோன் படையைக் கெடுப்பது. 1987இல் உருவான மொன்றியல் உடன்படிக்கையின்படி, வளர்ந்துவரும் நாடுகளும் இதன் பாவனையை 2030ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ முற்றாக நிறுத்தவேண்டும். பின்வந்த ஆர்-410ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆயினும் நூறாண்டு அளவையில், சம நிறையுள்ள காபனீரொட்சைட்டினும் ஏறத்தாழ 2,000 மடங்கு புவியைச் சூடாக்கவல்லது. இன்று பரவிவரும் ஆர்-32 ஏறத்தாழ 675 மடங்கு. சிறிதளவு தீப்பற்றும் இயல்பும் உடையது. ஒன்றுக்கு அமைந்த இயந்திரத்தில் மற்றொன்றை இடுதல் கூடாது. அமுக்கமும் எண்ணெயும் வேறுபடும். இவ்வெண்களை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். ஆண்டுதோறும் காஸ் நிரப்பிக் கசியவிடும் வீடு தன் பணத்தை மட்டும் இழப்பதில்லை; எந்த வெம்மைக்கு அஞ்சி இயந்திரத்தை வாங்கியதோ அந்த வெம்மையையே வளர்க்கின்றது.

வீட்டுக்காரர் கடமை

திருத்துவோர் வாயிலில் நிற்கும்போது வீட்டுக்காரர் கேட்கவேண்டிய வினாக்கள் சிலவே. காஸ் குறைந்ததென எவ்வாறு அறிந்தீர்? எங்கே கசிகின்றது? அதனை எனக்குக் காட்டுவீரா? வெற்றிடப் பம்பியும் தராசும் கொண்டுவந்தீரா? எத்தனை கிராம் இடப்போகின்றீர்? இவற்றைப் பகைமையின்றி, மரியாதையோடு கேட்டல் வேண்டும். தொழிலறிந்தவர் இவ்வினாக்களால் மகிழ்வார். விடையைத் திகதியுடன் ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், அடுத்த முறை வருபவருக்கு அது நோயாளியின் குறிப்பேடு போல உதவும். திருத்துவோர் வரும்வரை யன்னலைத் திறந்து, விசிறியை இயக்கி, நோயாளருக்கு நீர் கொடுத்து, ஈரத்துணியால் உடலை ஒற்றுதல் மறக்கலாகாதது.

பங்குனி பிறக்குமுன், மாசியிலேயே ஒருமுறை இயந்திரத்தைப் பரிசோதிப்பித்தல் அறிவுடைமை. சித்திரையில் எல்லா வீட்டிலும் அழைப்பு, திருத்துவோருக்கும் ஓய்வில்லை. அவசரத்திற் செய்யும் வேலையிலே மூலத்தைத் தேட எவருக்கும் பொறுமை இராது.

ஆசிரியராகிய நமக்கு இதிற் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. புள்ளி குறைந்த மாணவனுக்கு மேலும் ஒரு வகுப்பு, மேலும் ஒரு பயிற்சி என நிரப்பிக்கொண்டே செல்கின்றோம். எங்கே கசிகின்றது என்று பார்ப்பவர் சிலரே. கரும்பலகை அவன் கண்ணுக்குத் தெரியாதிருக்கலாம். காலையில் அவன் உண்ணாது வந்திருக்கலாம். அந்த இளைஞர் உருளையைக் கீழே வைத்துவிட்டுக் கைவிளக்கை எடுத்த காட்சி, வகுப்பறையில் நிற்கும்போது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகின்றது.